வீட்டில் மருத்துவ மெஷின் ஓடுகிறதா? வயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 26 வருடமாக வயர்மேன் வேலை செய்கிறேன். தோட்டத்து லயம், கம்பெனி குவார்ட்டர்ஸ், தாமான் வீடு, டவுன் கடைவீடு எல்லாம் ஏறி இறங்கியாயிற்று. முன்பெல்லாம் கல்யாணத்துக்குப் பந்தல் லைட், புது ஏர்கோன், தண்ணீர் ஹீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு மெஷினும் வந்து இறங்குகிறது: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், சளி உறிஞ்சும் மெஷின், தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க முகத்தில் மாட்டும் சிபேப், இரவில் ஓடும் டயாலிசிஸ் மெஷின், காற்று மெத்தை. மெஷினை எப்படி ஓட்டுவது என்று நர்ஸ் பொறுமையாகச் சொல்லித் தந்துவிடுகிறார். அது எந்தச் சுவர் பாயிண்டில் தொங்கப்போகிறது என்று கேட்க ஆளில்லை. கோயிலில், சாப்பாட்டுக் கடையில், சாவு வீட்டில்கூட என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, இருக்கிற பிளக் பாயிண்ட்லயே செருகிக்கலாம்தானே? சின்ன மெஷின்தானே?

கரண்டு இழுப்பதைப் பார்த்தால் சின்ன மெஷின்தான். 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட், அதாவது சோறு ஆக்கும் குக்கரைவிடக் குறைவு. சிபேப் பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். காற்று மெத்தையின் பம்பு ஒரு சின்ன பல்பு அளவு. நம் வீட்டு 13 ஆம்பியர் பாயிண்ட் கிட்டத்தட்ட 3000 வாட் வரை தாங்கும்.

ஆனால் குக்கர் நின்றால் சோறு தாமதம், இது நின்றால் மூச்சு தாமதம். அதனால் அந்தப் பாயிண்ட் தாங்குமா என்பதோடு விடாமல், அதே வயரில் வேறு என்னென்ன தொங்குகிறது, அதில் ஒன்று கெட்டால் இதுவும் சேர்ந்து நிற்குமா என்று பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் நிற்கும்.

ஏன் நிற்கும்? எங்க வீட்டில ஈ.எல்.சி.பி. நல்லாத்தானே இருக்கு?

நல்லா இருப்பதால்தான் நிற்கும். ஈ.எல்.சி.பி. என்று நாம் பழக்கத்தில் சொல்வது இப்போது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் எங்காவது கசிந்தால் பட்டென்று விழுந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் மொத்த வீட்டுக்கும் இது ஒன்றே ஒன்று. வாசல் விளக்கில் மழைத்தண்ணீர் புகுந்தாலும் சரி, துணி துவைக்கும் மெஷின் கசிந்தாலும் சரி, முழு வீடும் இருட்டு.

என் மாமனார் தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் நாற்பது வருடம் ரப்பர் ஷீட்டோடு புகையில் நின்றவர், கடைசி மூன்று வருடம் ஆக்சிஜனோடு இருந்தார். ஒரு நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு மெஷின் அலாரம். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. மெயினைத் தூக்கினால் மறுபடி விழுகிறது. ஒவ்வொரு லைனுக்கும் காவலாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சை ஒன்றொன்றாக இறக்கிப் பார்த்து, குற்றவாளி பின்பக்க நாய்க்கூண்டுக்கு மேலே இருந்த விளக்கு என்று கண்டுபிடிக்க எனக்கே 11 நிமிடம் ஆனது. அந்த 11 நிமிடமும் அவர் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வயரிங் தெரியாத வீட்டில் இது நடந்திருந்தால்? மறுநாளே தனி லைன் போட்டேன். இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

தனி லைன்னா என்ன? வயர்மேன்கிட்ட எப்படிச் சொல்றது?

வீட்டு எம்.சி.பி.கள் எல்லாம் இருக்கும் டி.பி. பெட்டியிலிருந்து நோயாளி அறைக்கு மட்டும் போகும் ஒரு வயர், அதற்கென்று ஒரு பாதுகாப்பு. இப்படிச் சொல்லுங்கள்: "2.5 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.பி.ஓ., டைப் ஏ. இது வீட்டுப் பொது ஆர்.சி.சி.பி.க்குக் கீழே வரக்கூடாது." ஆர்.சி.பி.ஓ. என்பது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடம்பில் இருப்பது. டைப் ஏ எதற்கென்றால், இந்த மெஷின்களுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் பலகைகளின் கசிவைச் சாதாரண டைப் ஏசி சரியாக உணராமல் போகலாம்.

கடைசி வாக்கியம்தான் முக்கியம். தனி வயர் இழுத்துவிட்டு அதைப் பழைய பொது ஆர்.சி.சி.பி.க்குக் கீழேயே கொடுத்தால், வயர் செலவு மட்டும்தான் மிச்சம், நாய்க்கூண்டு விளக்கு அப்போதும் மெஷினை நிறுத்தும். மொத்த வீட்டுக்கும் மேலே ஒரு ஆர்.சி.சி.பி. வேண்டும் என்று வயர்மேன் சொன்னால், அது 100 மில்லிஆம்பியர், கொஞ்சம் தாமதித்து விழும் டைப் எஸ் ஆக இருக்கட்டும், கீழே உள்ளவை முந்திக்கொண்டு விழும். இன்னொன்று, மெஷின் லைனின் நியூட்ரல் வயர் அதன் சொந்த ஆர்.சி.பி.ஓ.வுக்கே போக வேண்டும். பொது நியூட்ரல் பட்டையில் கலந்துவிட்டால் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். அவசரத்தில் செய்பவர்கள் இதில்தான் தவறுகிறார்கள்.

விழுறதுதானே பிரச்சினை, மெஷின் லைனுக்கு ஆர்.சி.பி.ஓ., ஆர்.சி.சி.பி. எதுவுமே இல்லாம எடுத்துட்டா என்ன?

வேண்டவே வேண்டாம். நம் ஊரில் மின்சாரக் கம்பெனியான டி.என்.பி. நமக்கு எர்த் தருவதில்லை. ஒவ்வொரு வீடும் சொந்தமாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து எர்த் எடுக்கிறது. அந்த மண் வழியாகப் போகும் கரண்டு, சாதாரண எம்.சி.பி.யை விழவைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்காது. ஆனால் ஆளைக் கொல்ல அது தாராளம். இடையில் இருக்கும் ஒரே காவல் ஆர்.சி.சி.பி. வகைதான். படுத்திருப்பவரோ ஈரத்துணியால் துடைக்கப்படுகிறவர், இரும்புக் கட்டிலில் இருக்கிறவர், ஷாக் அடித்தால் கையை உதறவும் தெம்பில்லாதவர்.

1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே இதற்குக் கணக்கு வைத்திருக்கின்றன. ஈரமான தரை உள்ள இடத்துக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடிக்கும் சாதனத்துக்கு 30, மற்றவற்றுக்கு 100. தண்ணீர் ஹீட்டருக்கு 10 போடச் சொல்வது இதனால்தான்.

பழைய லயத்து வீடு. எர்த் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

மூன்று துளை பாயிண்ட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பின்னால் இரண்டே வயர் வந்து, மூன்றாவது துளை சும்மா நிற்கும் வீடுகளை நிறைய திறந்திருக்கிறேன். கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் மீட்டர் சுவர் ஓரத்தில், மண்ணில் அடித்த கம்பியும் அதில் பச்சை வயரைப் பிடித்திருக்கும் கிளிப்பும். கிளிப் பச்சை பூத்துப் பொடிந்திருக்கும், இல்லை புல் வெட்டும் மெஷின் வயரை அறுத்துப் போட்டிருக்கும். எத்தனை ஓம் என்பதை வயர்மேன்தான் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும். அளக்காமல் "ஓகே" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

மெஷினின் அடியில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, அதற்கு எர்த் வேண்டாம். இருந்தாலும் அறைக்கு எர்த் வேண்டும். கட்டிலும் மோட்டாரில்தானே ஏறி இறங்குகிறது.

எக்ஸ்டென்ஷன் போட்டா தப்பா?

நிரந்தரமாகத் தப்பு. ஒரு எக்ஸ்டென்ஷனில் ஐந்து வாய் இருந்தால், ஐந்தாவது வாயில் எப்போதாவது ஒருநாள் யாராவது அயர்ன்பாக்ஸைச் செருகுவார்கள். கால் தடுக்கும், பேரப்பிள்ளை சுவிட்சைத் தட்டும். தனி லைன் வரும்வரை சில நாள் சமாளிக்க வேண்டுமென்றால் சிரிம் தர முத்திரை உள்ளது, தடித்த வயர், ஒரே மெஷின், வயரைச் சுருட்டி வைக்காமல் சுவரோரம் விரித்து. பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் போனால் அதே அளவு பியூஸ் மட்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய பியூஸை நான் நோயாளி அறையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளக்கின் முதுகு பழுப்பாகி, தொட்டால் மெழுகு மாதிரி இளகியிருந்தது.

பாயிண்ட் எங்கே வைக்கணும்?

கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் வைக்காதீர்கள், கட்டில் ஏறி இறங்கும்போது பிளக்கை நசுக்கும். பக்கவாட்டில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், இரண்டு இரட்டைப் பாயிண்ட். ஆட்கள் உரசிப் போகும் வழியில் சுவிட்ச் உள்ள பாயிண்ட் வேண்டாம். மெஷின் லைன் பாயிண்டுக்கு மட்டும் சிவப்பு நெயில்பாலிஷில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், டி.பி. பெட்டியில் அதன் சுவிட்சுக்கும் அதே கோடு. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

ஆக்சிஜன் உள்ள அறை என்றால் இன்னொன்று. சாமி மேடை விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணித் தட்டு, கொசுவத்திச் சுருள், எதுவும் 3 மீட்டருக்குள் வேண்டாம். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் துணியிலும் தலையணையிலும் ஊறி நின்று, ஒரு பொறியைத் தீயாக்கிவிடும். முகத்தில், மூக்கில் எண்ணெய்ப் பசையுள்ள தைலம் தடவுவதையும் நிறுத்துங்கள். சாமி மேடையை ஹாலுக்கு மாற்றச் சொன்னால் சில வீட்டில் மனம் சங்கடப்படுகிறார்கள், எனக்கும் புரிகிறது, ஆனாலும் மாற்றுங்கள். மெஷின் காற்றை உள்ளே இழுப்பதால் சுவரும் திரைத்துணியும் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் யு.பி.எஸ். ஒண்ணு இருக்கு, அது போதாதா?

1000 வி.ஏ. என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ்., கான்சன்ட்ரேட்டரை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் பெரிது. சிபேப்புக்குக் கொஞ்சம் கூட வரும். மலிவான யு.பி.எஸ்.ஸும் இன்வெர்ட்டரும் கரண்டைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தரும். கான்சன்ட்ரேட்டரின் கம்ப்ரஸர் மோட்டார் அதில் சூடாகும், உறுமும், சில நேரம் கிளம்பவே கிளம்பாது. வாங்குவதானால் "பியூர் சைன் வேவ்" என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் கிளம்பும்போது சில நொடி பல மடங்கு இழுக்கும், அதனால் 350 வாட் மெஷினுக்கு 1000 வாட் இன்வெர்ட்டராவது வேண்டும்.

அப்ப பேட்டரி எவ்வளவு போடணும்? கணக்கு சொல்லுங்க.

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1200 வாட்-அவர். ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆக 600. இன்வெர்ட்டர் தின்பது போக 500 என்று வையுங்கள். 500ஐ 350ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் முக்கால்வாசிக்கு மேல் பயன்படுத்தலாம், அதே அளவில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வரும், விலையும் அதற்கேற்ப.

ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு விடும், படுக்கை அறையில் வைக்காதீர்கள்.

ஆக்சிஜன் நோயாளிக்குப் பேட்டரியைவிட நம்பகமானது சிலிண்டர். 680 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வரும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். திறக்கும் சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றில் கட்டிவிடுங்கள். நிறைந்த சிலிண்டர் இருந்தும் சாவியை இருட்டில் தேடிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டரை வாங்கி பிளக்கில குத்திட்டா வீடு முழுக்க லைட் எரியும்ல?

இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்து வீட்டுப் பாயிண்டில் குத்துவதைத்தானே சொல்கிறீர்கள்? அந்தக் கரண்டு மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் டி.என்.பி. தொழிலாளிக்கு அது தெரியாது. செய்யாதீர்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வழி மட்டும் என்று போட்டால் சரி.

ஜெனரேட்டர் வீட்டுக்குள், அஞ்சடியில் (கடைவீட்டு முன் நடைபாதையில்), கார் போர்ச்சில் வேண்டாம். ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்த்தபடி. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இடி மின்னல் வந்தா மெஷினைக் கழட்டணுமா?

நம் நாடு உலகத்திலேயே இடி அதிகம் விழும் இடங்களில் ஒன்று. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாத சாயங்காலங்களைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டி.வி.யைக் கழட்டிவிடலாம், இதை எப்படிக் கழட்டுவது? அதனால் டி.பி. பெட்டியில், மின்னலால் திடீரென்று எகிறும் வோல்டேஜை மண்ணுக்குத் திருப்பிவிடும் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள். அதற்கும் எர்த் சரியாக இருந்தால்தான் வேலை. தலைக்கு மேலேயே இடிக்கும்போது சிலிண்டருக்கு மாறிவிட்டு மெஷினைக் கழட்டும் வீடுகளும் உண்டு, சிலிண்டர் இருந்தால் அது நல்ல பழக்கம்.

சாயங்காலம் ஆனா லைட் மங்குது. மெஷினுக்கு ஆபத்தா?

230 வோல்ட் என்பது 216க்கும் 253க்கும் நடுவில் இருக்க வேண்டும். லைன் கடைசியில் இருக்கும் லயங்களில், எல்லோரும் சமைக்கும் ஏழு மணிக்கு அதற்கும் கீழே போவதுண்டு. கான்சன்ட்ரேட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் மோட்டார் சூடாகி ஆயுள் குறையும். வயர்மேனைக் காலையில் கூப்பிட்டு அளக்கச் சொன்னால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், மங்குகிற நேரத்தில் வரச்சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் மங்கினால் உள்ளே எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அது தீப்பிடிக்கும் விஷயம், உடனே பாருங்கள். பக்கத்து வீட்டிலும் மங்கினால் டி.என்.பி.யின் 15454க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

வெளிநாட்டில இருந்து தம்பி ஒரு மெஷின் அனுப்பறேங்குறான். செருகலாமா?

பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிபேப் அடாப்டரில் பெரும்பாலும் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்கக் கான்சன்ட்ரேட்டரில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் வேண்டாம். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், வெளியே வரும் ஆக்சிஜன் குறையும், வெளியில் பார்க்க ஓடுகிற மாதிரியே இருக்கும்.

கம்பெனி வீடு, நம்ம வீடு இல்ல. சுவரை உடைக்க விடுவாங்களா?

முதலில் தோட்ட ஆபீசில் எழுதிக் கொடுங்கள், டாக்டர் கடிதத்தையும் சேர்த்து. வாயால் ஆபீஸ் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) சொன்னது மாதக் கடைசியில் காணாமல் போய்விடும். தோட்ட வீட்டுக்கு மின்சார வசதி செய்து தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு என்று தொழிலாளர் குடியிருப்புக்கான 446ஆம் சட்டம் (1990) சொல்கிறது, அதைப் பணிவாக ஞாபகப்படுத்தலாம். சுவரை உடைக்காமல் வெளியே பிளாஸ்டிக் டிரங்கிங் ஒட்டி வயர் இழுக்கலாம், ஒரு நாள் வேலை. வீட்டைக் காலி செய்யும்போது கழட்டிக்கொண்டும் போகலாம்.

மச்சானுக்கு வயரிங் தெரியும், அவரே செய்யட்டுமே?

அரசாங்கத்தின் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். மச்சானிடம் அட்டை இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற பாரம் இரண்டும் கேளுங்கள். ஜி வேலை முடிந்ததற்கு, எச் சோதனை செய்ததற்கு. தர மாட்டேன் என்பவருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ராத்திரி டயாலிசிஸ் மெஷின் ஓடும்போது கரண்டு போச்சுன்னா?

வயிற்று வழி டயாலிசிஸைத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பதற வேண்டாம். பையைக் கையால் மாற்றும் முறைக்குக் கரண்டே தேவையில்லை, அதையும் நர்ஸ் பழக்கிவிட்டிருப்பார். மெஷினிலிருந்து எப்படிக் கழன்று கொள்வது, கையால் மாற்றத் தேவையான பொருள் வீட்டில் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். சுத்தமாகக் கை கழுவ வெளிச்சம் வேண்டும், அதனால் இங்கே பேட்டரியைவிடத் தலையில் மாட்டும் டார்ச்லைட் அவசியம்.

டி.என்.பி. முன்கூட்டியே சொல்லுமா?

பராமரிப்புக்காக நிறுத்தும்போது அறிவிப்பு வரும், மைடி.என்.பி. ஆப்பைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் விழுந்தால் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வீட்டில் மருத்துவ மெஷின் இருப்பதைக் டி.என்.பி.யின் கெடாய் தெனாகா அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள், தடை வந்து 15454க்கு அழைக்கும்போதும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

பகல்ல பாட்டி மட்டும்தான் தாத்தாகூட இருக்காங்க. அவங்களால என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும், பழக்கினால். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மெஷின் லைனின் சுவிட்சை இறக்குங்கள். பாட்டி மட்டும் எழுந்து செய்யட்டும், நீங்கள் பேசாமல் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். தாத்தாவுக்குச் சிலிண்டர் முதலில், விளக்கு அப்புறம். சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி மாட்டி, பிறகு ஜன்னல் வழியே எதிர்வீட்டில் கரண்டு இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் கோளாறு நம் வீட்டில், சிவப்புக் கோடு போட்ட சுவிட்சை ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்க்கலாம், மறுபடி விழுந்தால் தொடாமல் வயர்மேனுக்குப் போன். இல்லாவிட்டால் 15454.

என் மாமியாருக்கு முதல் தடவை நாலு நிமிடம் ஆனது, குழாயின் முனை சிலிண்டரில் ஏறாமல் கை நடுங்கியது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, மாமனாரின் மூக்குக் குழாயை நேராக்கிவிட்டு, "போய் மெயினைப் பாருங்க" என்று என்னிடம் சொன்னார்.